பொன்முடி வண்டும் வித்துரா அந்துப்பூச்சியும்

“பொன்முடி மலையில ஒரு வண்டு உண்டு. அழிஞ்சிட்டே வருது. அதைத் தேடி வருஷத்துல பாதி நாள் நான் காட்டுலதான் கிடப்பேன். என்னைக் கட்டிக்கிறவ வீட்டுல தனியாத்தான் இருக்கணும்” என்றான் வன்னியபெருமாள்.

மியூசியத்தில் பூச்சிப் பிரிவில் அவனுக்கு வேலை. பெண் பார்க்க மாமா ஆறுமுகசாமியுடன் ஆரியசாலையில் பகவதியின் வீட்டுக்கு வந்திருந்தான். பெண்ணிடம் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவன் கேட்டதால், பெரியவர்கள் அடுத்த அறைக்குப் போய், கதவைப் பாதி சாத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பகவதி தலை குனிந்து நின்றாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்று ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இவனை அவளுக்குப் பிடித்திருந்தது. இவனும் எழுந்து போய்விடுவானோ?

“வண்டு என்ன நிறம்?” என்று மெல்லக் கேட்டாள்.

இதுவரை எந்தப் பெண்ணும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

“பச்சை. முதுகுல ஒரு சிவப்புப் பொட்டு.”

“அப்போ கண்ணுல படும்லா? வித்துராவுல எங்க சித்தி வீட்டுப் பக்கம் ஒரு அந்துப்பூச்சி உண்டு. மரப்பட்டை நிறம். மூக்குக்கு நேரே இருந்தாலும் தெரியாது. அதுதான் ரொம்ப அபூர்வம்.”

“என் வண்டு ஒரே ஒரு மரத்து இலையைத்தான் தின்னும். அந்த மரத்தையும் வெட்டிட்டே வாறாங்க.”

“இது ஒண்ணுமே தின்னாது. அதுக்கு வாயே கிடையாது.”

“வண்டு மழை பெய்தாத்தான் வெளியில வரும்.”

“இது ஐப்பசியில மட்டும் வரும். அதுவும் கரண்டு போனாத்தான்.”

கதவுக்குப் பின்னாலிருந்து பகவதியின் அம்மா உலகம்மாளின் குரல் வந்தது. “எங்க வீட்டுல அந்து கிடையாது தம்பி. பெட்டிக்குப் பெட்டி அந்துருண்டை போட்டிருக்கு.”

வன்னியபெருமாள் எழுந்தான். அவன் கதவைத் திறந்து பகவதியின் அப்பா திரவியத்திடம் சொன்னான்.

“ஆவணியிலேயே கல்யாணத்தை வெச்சிருங்க. ஐப்பசியில எங்களுக்கு வித்துராவுல சோலி கிடக்கு.”

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் மாமா பொறுத்திருந்தார்.

“ஏலே, எந்தப் பொண்ணைப் பார்க்கப் போனாலும், இல்லாத அந்த வண்டைச் சொல்லித்தானே தப்பிச்சு வருவே? இன்னிக்கு என்ன ஆச்சு?”

“அந்த அந்துப்பூச்சியும் கிடையாது மாமா. வண்டை உண்டாக்க எனக்கு ஒரு மாசம் பிடிச்சுது. அவ நின்ன நிலையிலேயே உண்டாக்கிட்டா.”