அடுத்த சரணம்

ஊர்க்காரர்கள் சொந்தமாகப் பாடி இணையத்தில் வெளியிடும் புதுப் பாட்டுகளைக் கேட்டு, வாராவாரம் விமர்சனம் எழுதுவது பெனிட்டாவின் வழக்கம். இந்த வாரம் பெயர் போடாத ஒரு பெண்ணின் பாட்டு வந்திருந்தது. மெட்டைக் கேட்டதுமே பெனிட்டாவின் கை வயிற்றுக்குப் போனது. பிறக்காமலே போன குழந்தைக்காக அவள் முணுமுணுத்த தாலாட்டு அது. அதைக் கேட்டிருந்தவன் கணவன் ரூபன் மட்டும்தான்.

“இந்தப் பாட்டு யாரோடது?”

“எனக்கென்ன தெரியும்? இப்பதானே கேக்கிறேன்” என்றான் ரூபன், துணி மடித்துக்கொண்டே.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சரணம் முடிந்ததும் அவன் சட்டென்று எட்டிப் பாட்டை நிறுத்தினான்.

“அடுத்த சரணம் வேண்டாம் பெனி. அதுல பாப்பா பேரு வருது.”

பாப்பாவுக்கு அவர்கள் பெயரே வைத்திருக்கவில்லை.