ஒரு வரித் திருத்தம்

சம்மட்டி இறங்கியது. மேஜை விளிம்பில் கட்டியிருந்த இடது கையின் சுண்டுவிரல், பென்சில் ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது. கத்த முடியாதபடி கம்ப்யூட்டர்காரனின் வாயில் கிரீஸ் துணி.

"வலது கையை விட்டுடு. டைப் அடிக்கணும்ல" என்றார் தலைவர்.

பார்க்கிறவர்களுக்குத் துரோகியைத் தண்டிப்பது போலத் தோன்றும். உண்மையில், செய்து கொடுத்த வேலையில் வாடிக்கையாளர் ஒரு சின்னத் திருத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவருக்குக் கேட்கத் தெரிந்த விதம் அது ஒன்றுதான்.

அவருடைய தொழில் ஃபோனில் பேசக் கூடாத தொழில். அதனால் ஆட்களின் பெயர்களை ஒரு வெப்சைட்டில் போட்டு, டயர் கோடவுனில் இருந்த லேப்டாப்பில் ஓடவிட்டிருந்தார்கள். பெரிய சர்வரெல்லாம் வேண்டாம், போலீஸ் வந்தால் வாயில் போட்டு விழுங்குகிற அளவுக்கு இருக்கட்டும் என்பது தலைவரின் நிபந்தனை. கம்ப்யூட்டர்காரனும் எஸ்க்யூலைட் என்கிற குட்டி டேட்டாபேஸைப் பிடித்து, மொத்தத்தையும் ஒரே ஃபைலாக்கி, நகம் அளவு மெமரி கார்டில் அடக்கிக் கொடுத்திருந்தான்.

சட்டம் சுலபம். தலைவர் ஒரு பெயரை அழித்தால் எல்லார் ஃபோனிலும் மணி அடிக்கும். பெயர் போனால் ஆளும் போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அழுதாலும் கூடாது, காசு நீட்டினாலும் கூடாது. "நானே குறுக்க வந்து வேணாம்னு சொன்னாலும் நிறுத்தாதே" என்று சம்மட்டியிடம் தலைவரே சொல்லிவைத்திருந்தார். சம்மட்டி என்பது ஆயுதத்துக்கு மட்டுமல்ல, அதைப் பிடித்தவனுக்கும் பெயர். சொன்னதைச் செய்வான், அதற்கு மேல் யோசிப்பது அவன் வேலையில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. புதிதாக யார் சேர்ந்தாலும் உள்ளே இருக்கிற ஒருவன் ஜாமீன் நிற்க வேண்டும். போன மாதம் ஒரு துரோகியை அழித்தார்கள். ஆனால் அவன் ஜாமீனில் வந்த பையன்களின் பெயர்கள் அப்படியே இருந்தன. அவர்கள் நல்ல பிள்ளைகள் போல வந்துபோய், ஒருநாள் லாரியை டிரைவரோடு சேர்த்துக் கொளுத்திவிட்டு ஓடிவிட்டார்கள்.

"ஜாமீன் நின்னவன் போனா, அவன் ஜாமீன்ல வந்தவனும் தானா போகணும். நான் உக்காந்து ஒவ்வொண்ணா தேடிட்டிருக்க முடியாது" என்றார் தலைவர். முடிந்தால் வாசல் வழியாகப் போகலாம், முடியாவிட்டால் பின்னால் கிணறு இருக்கிறது என்று விலையையும் சொன்னார். பேரம் பேசுகிற நிலையில் எதிராளி இல்லை.

துணியை எடுத்ததும் கம்ப்யூட்டர்காரன் ரத்தமும் எச்சிலுமாகச் சொன்னான். அந்த ஏற்பாட்டை முதல் நாளே எழுதிவைத்துவிட்டானாம். ஆனால் இந்தக் குட்டி டேட்டாபேஸ் அதைத் தானாக மதிக்காதாம். ஒரு வரி போட்டு முடுக்கிவிட வேண்டுமாம். அந்த ஒரு வரியை மறந்துவிட்டானாம்.

"ஒரு வரிக்கு ஒரு விரல். நியாயமான ரேட்டுதான்" என்றார் தலைவர்.

வலது கையால் அவன் அந்த வரியை அடித்தான். பிறகு, யாருக்கு யார் ஜாமீன் என்று முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று முனகினான். தலைவர் அவன் முகத்தை லேப்டாப் மூடியில் மோதினார். மூக்கு உடைந்தது.

"எனக்கு நீ தொழில் சொல்லித் தர்றியா? தள்ளு."

தலைவருக்கு அழிக்க ஒரு பெயர் தயாராக இருந்தது: மச்சான். மனைவியின் தம்பி. புதுக் காரை முதலில் கிளப்பிப் பார்ப்பவன் அவன், தலைவரின் சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பவன் அவன், வீட்டு வாடகையிலிருந்து வெப்சைட்வரை தலைவரிடம் எங்கே ஜாமீன் கேட்டாலும் கையெழுத்துக்கு ஓடி வருகிறவனும் அவன். அவ்வளவு விசுவாசமானவன் எதிர்க் கோஷ்டியோடு கைகுலுக்குவதை நேற்று யாரோ பார்த்துவிட்டார்கள்.

"அவன் அக்காவை நான் சமாதானப்படுத்திக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே தலைவர் பெயரைத் தொட்டு அழித்தார்.

சம்மட்டியின் பையில் ஃபோன் மணி அடித்தது. வெளியே டயர் அடுக்கிக்கொண்டிருந்தவர்களின் ஃபோன்களும் அடித்தன. ஏதோ ஒரு டயர் கீழே உருண்டது.

சம்மட்டி ஃபோனைப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

"என்னடா முழிக்கறே? ஒரு பேருதானே?"

"ரெண்டு, தலைவரே."

தலைவருக்கு வாயெல்லாம் பல். விரலை ஒடித்து வாங்கிய திருத்தம் வேலை செய்கிறது. கம்ப்யூட்டர்காரனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "உனக்கும் மச்சான்தான் ஜாமீனா?" என்று கேட்டார்.

அவன் உடைந்த மூக்கோடு தலையை ஆட்டினான். "என் பேரே அதுல இல்ல சார். எனக்கு ஜாமீன் நிக்க யாரும் கிடைக்கல."

சம்மட்டி போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டான். திரும்பி வந்து, கம்ப்யூட்டர்காரனின் கைக்கட்டை அவிழ்த்து அவனை ஓரமாகத் தள்ளி உட்காரவைத்தான். சம்மட்டியைத் தோளுக்கு ஏற்றினான்.

"அங்கென்னடா பண்றே? மச்சான் வீட்டுக்குக் கிளம்பு" என்று அதட்டினார் தலைவர்.

"அது தூரம், தலைவரே. முதல்ல பக்கத்துல இருக்கறதை முடிச்சிடறேன்."