முன்னால் போன சைக்கிள்

"நம்பர் பதினாறு! நீலச் சீட்டு! அடுத்த கூடாரத்துல இறங்கி அஞ்சு நிமிஷம் நில்லு!"

மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து அட்டையை ஆட்டிய நடுவர் வேறு யாருமில்லை, பழைய கூட்டாளி நெவில். கிளைவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"எதுக்குடா?" என்றார் சைக்கிளை மிதித்தபடியே.

"முன்னால போற சைக்கிளை ஒட்டிப் போனே. பன்னிரண்டு மீட்டர் தள்ளிப் போகணும்னு தெரியாதா?"

"எவன்டா முன்னால போறான்? ரோடு காலியா கிடக்கு!"

"நடுவர்கிட்ட வாயாடக் கூடாது."

மோட்டார் சைக்கிள் பறந்துவிட்டது.

முன்னால் போகிறவன் முதுகில் ஒளிந்து எதிர்க்காற்றுக்குத் தப்பிப்பது போட்டியில் திருட்டுக்குச் சமம். அவர்கள் ஊரான ஜெரால்டனில் அப்படிப்பட்டவனை 'ஒட்டுப்புல்' என்று கேலி செய்வார்கள். முப்பத்தைந்து வருடங்களாக நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று பழம் தின்று கொட்டை போட்ட கிளைவை ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

அதுவும் இன்றைக்கா? அடுத்த மாதம் பஸ்ஸல்டனில் பெரிய போட்டி. நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிளில் போய்விட்டு, அதற்கு மேல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். இன்றைய சின்னப் போட்டியை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால்தான் அதற்குப் போவது என்று, அறுபத்து நாலு வயதுக்காரர் தனக்குத் தானே கெடு வைத்திருந்தார். அதில்தான் மண்ணைப் போட்டுவிட்டான் பாவி.

கூடாரத்தில் நெவிலின் மனைவி நொரீன் இருந்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ்.

"உட்காரு கிளைவ்."

"நிக்கிறேன்."

"உட்காருன்னா உட்காரு." ஐஸில் முக்கிய துண்டை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன, வேர்வையே காணோம்?"

"கிழக்குப் பாலைவனக் காத்துல காஞ்சிருக்கும். தண்டனை நேரத்துல இதெல்லாம் தரலாமா? உன் புருஷன் பார்த்தா உனக்கும் ஒரு சீட்டு கொடுப்பான்."

"கொடுக்கட்டும். ஏற்கெனவே கொடுத்தவர்தானே."

உண்மைதான். கல்யாணமான வருடமே, ஒரு போட்டியில் தலைக்கவசத்தின் வாரைக் கட்டாமல் சைக்கிளைத் தொட்டதற்காக நொரீனுக்குத் தண்டனை கொடுத்த ஆள் நெவில். மூன்று வாரம் சோபாவில் படுத்தானே ஒழிய, கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கவில்லை. அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கு வாய் கூசாமல் பொய் சொல்கிறான். முழங்கால் போனதிலிருந்து அவனால் ஓட முடியவில்லை. வயிற்றெரிச்சல்! வேறென்ன?

நொரீன் நீட்டிய இரண்டாவது தண்ணீர் பாட்டிலைக் குடித்து முடித்தபோது, சாலையின் வெள்ளைக் கோடு மறுபடி ஒன்றாகத் தெரிந்தது. இத்தனை நேரமும் இரண்டாகத் தெரிந்ததை அவர் நொரீனிடம் சொல்லவில்லை.

என்ன மாதிரியான நாட்கள் அவை! கிளைவ், நெவில், ரோலண்ட் என்று மூன்று பேர். நீச்சல் ஜட்டியோடே சைக்கிளும் மிதித்து, அதோடே ஓடியும் முடிப்பார்கள். தேவாலயத்திலிருந்து வரும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ரோலண்ட் சைக்கிள் கைப்பிடியில் வெஜிமைட் தடவிய சாண்ட்விச்சை டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பான். அதில் பாதி டேப்பையும் சேர்த்தே தின்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இருவரோடு சிரித்த சிரிப்பை கிளைவ் அப்புறம் யாரோடும் சிரித்ததில்லை.

இதே சாலையில், இதே மாதிரி அனல் வீசிய ஒரு நவம்பர் காலையில்தான் ரோலண்ட் ஓடிக்கொண்டே சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தான். முப்பத்தாறு வயது.

'ரோலண்ட் மட்டும் இருந்திருந்தால் இந்த நெவிலின் காதைத் திருகியிருப்பான்' என்று நினைத்துக்கொண்டார் கிளைவ்.

நொரீனின் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் என்பது ஏழு நிமிடமாக இருந்தது.

"ஓட்டத்துல மேடு வந்தா நட. வெட்கப்படாதே" என்று சொல்லி அனுப்பினாள்.

கிளைவ் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மூன்று மணி நான்கு நிமிடம். அந்த ஏழு நிமிடம் மட்டும் இல்லாதிருந்தால்!

நேரே நடுவர் மேஜைக்குப் போனார்.

"முறையீடு பண்ணப் போறேன். சீட்டை எடு."

"விடேன்டா" என்றார் நெவில், தலையைத் தூக்காமல்.

"எதுக்கு விடணும்? எந்த சைக்கிளை ஒட்டிப் போனேனோ அதோட நம்பரை நீ எழுதியிருக்கணும். அந்தக் கட்டம் காலியா இருந்தா தண்டனை செல்லாது. இந்தச் சட்டத்தை எழுதினதே நீதான்!"

சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இடுக்கியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

நெவில் மெல்ல சீட்டை எடுத்து நீட்டினார். கட்டம் காலியாக இல்லை. முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

கிளைவ் வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "பாருங்கய்யா, இந்த நியாயவானோட லட்சணத்தை! முப்பத்தொண்ணாம்! நம்ம கிளப்புல அந்த நம்பரை யாருக்குமே தர்றதில்ல. ரோலண்ட் செத்த அன்னைக்கு, அவன் நெஞ்சுல இருந்த..."

கிளைவின் கண் மறுபடி சீட்டுக்குப் போனது.

நெவில் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"அவனைத்தான்டா ஒட்டிப் போய்க்கிட்டிருந்தே. ரொம்பக் கிட்ட போயிட்டே, மாப்ளே."