அமானுல்லாவின் புல்வெட்டி மெஷின்

உயிரோடு இருக்கிற ஒரு மெஷினைச் செத்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டும். ரியாஸ் கேட்டது அவ்வளவுதான்.

புல்வெட்டி மெஷினை என் மேஜைமேல் கிடத்திவிட்டு அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னது அவனைப் பெற்ற அத்தா அமானுல்லா. அஸர் தொழுகை முடிந்ததும் அதை வாங்கிப் போக அவரே வந்துவிடுவார்.

"அத்தா போற எடம் சரியில்ல மாமா. ஒரு நாளு விழுந்துடப் போறாங்க. இனிமே இது ஓடாதுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்க."

பொய் சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு ஆயில் எஞ்சின் இடிக்குப் பயந்து தானாகவே கொட்டகைக்குள் போய் நின்றது என்று சொல்லி, எஞ்சினுக்குச் சொந்தக்காரரையே நம்ப வைத்திருக்கிறேன். என் மெக்கானிக் கடை பீங்கான் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தத் தூசியில் காக்கைகூட வெள்ளையாகத்தான் வந்து உட்காரும்.

அமானுல்லா ஷார்ஜாவில் பூங்கா பூங்காவாகப் புல் வெட்டியவர். மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். அவர் இந்த மெஷினைக் கொண்டுவந்தார்.

அவர் அங்கே இருந்தபோதுதான் அவர் மனைவி ஜைத்தூன் பீவி மௌத்தானது. லீவு கிடைக்கவில்லை. கடைசியாக முகம் பார்க்க முடியாத மனுசர், போன வருடம் ஊர் திரும்பியதிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் கம்மாபுரத்துக்கு அந்தாண்டைக் கபர்ஸ்தானுக்குப் போய், அந்த அம்மாவின் கபரைச் சுற்றிப் புல் வெட்டிவிட்டு வருவார். ஒரு வாரம் விட்டால் புல் மூடிவிடுமாம். அப்புறம் இடம் தெரியாதாம்.

புல் வெட்டுவதற்கு விமானம் ஏறிப்போன ஒரே ஆள் நீதான் என்று நான் கிண்டல் செய்தால், தாடியைத் தடவிக்கொண்டு, உன் வாயையும் ஒரு நாள் இதிலேயே வெட்டிவிடுகிறேன் என்பார்.

பொய் நிற்க வேண்டுமென்றால் மெஷினைப் பிரித்துப் போட வேண்டும். பிரித்தேன்.

பிளக்கில் கரி. இருக்க வேண்டியதுதான். சைலன்சரிலும் கரி, கம்பியால் சுரண்டிக் கொட்டினேன். கொல்ல வேண்டியதைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கை கேட்கவில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றினேன்.

கம்மாபுரம் பக்கம் போய்வரும் எந்த பைக்கின் ஃபில்டரும் சுரங்கத்து நிலக்கரித் தூசியில் கறுத்துக் கிடக்கும். அந்த ஊர்க்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் கழுவுவேன். இதில் ஒரு கறுப்புப் பொட்டுகூட இல்லை. தட்டியபோது புல்லின் பூந்தூள்தான் உதிர்ந்தது.

நைலான் கயிறு சுற்றும் உருளையைக் கவிழ்த்தேன். புல் சுற்றிக்கொண்டிருந்தது. பச்சைப் புல்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடச் சித்திரை அது. மாட்டுக்குப் போடக்கூட எங்கேயும் பச்சை கிடையாது. போன வியாழக்கிழமைக்கு அப்புறம் மெஷின் பரண்மேல்தான் கிடந்தது என்று ரியாஸே சொல்லியிருந்தான்.

புல்லைப் பிடித்துப் பிழிந்தேன். தண்ணீர் சொட்டியது.

புல்லுக்கு நடுவே சின்னச் சின்ன இலைகள் அரைபட்டுக் கிடந்தன. வழித்து எடுத்துவிட்டுக் கையைப் பெட்ரோலில் கழுவினேன். சோப்பு போட்டேன். மண்ணெண்ணெயில் முக்கினேன்.

என் பத்து விரலும் கல்யாணப் பெண்ணுக்குப் போலச் சிவந்திருந்தன. மருதாணி.

ஜைத்தூன் பீவியை அடக்கம் செய்த அன்று நானும் போயிருந்தேன். தலைமாட்டில் மருதாணிக் கொம்பை ஊன்றியது ரியாஸ். அப்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை.

செடி நன்றாகப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறதே என்று கேட்டுவைத்தேன். ரியாஸ் என் விரல்களைப் பார்த்தான். மேஜைமேல் கிடந்த ஈரப் புல்லை இரண்டு கையாலும் அள்ளி முகத்தருகே கொண்டுபோனான். கையைக் கீழே இறக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆனது.

நான் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன்.

மொபெட் சத்தம் கேட்டது. அமானுல்லா தொப்பியோடு இறங்கி வந்தார். பிழைக்குமா என்று என்னைக் கேட்டார். பொய் நுனிநாக்கில் தயாராக இருந்தது. நான் ரியாஸைப் பார்த்தேன்.

அவன் மெஷினைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தான்.

ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. புகையில் மருதாணி வாசம் அடித்தது என்றால் யாரும் நம்பப் போவதில்லை. அதனால் சொல்லவில்லை.

அவன் மெஷினை நிறுத்தினான்.

"லிட்டருக்கு எவ்வளவு ஆயிலு ஊத்தணும் அத்தா?"

நாற்பது மில்லி என்றார் அமானுல்லா. மொபெட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, பின்னால் மகனுக்கு இடம் விட்டார்.

இருவரும் கம்மாபுரம் ரோட்டில் போனார்கள். மெஷின் ரியாஸின் மடியில் குறுக்காகக் கிடந்தது.

கம்மாபுரத்தைத் தாண்டியதும் அந்த ரோடு நாலைந்து வருடமாகச் சுரங்கத்தின் கம்பிவேலியோடு முடிந்துவிடுகிறது. வேலிக்கு அந்தாண்டை இப்போது ஊர் எதுவும் இல்லை, கபர்ஸ்தானும் இல்லை. பள்ளம்தான். ஐந்தாறு தென்னை மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் குருத்து வெளியே தெரியும்.

கபர்ஸ்தான் மண்ணை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து வெளியே வந்த முதல் டிப்பரை ஓட்டியவன் ரியாஸ்.