புளியமரத்து வளைவு

விபத்து நடந்து ஆறு மாதம் கழித்து, அன்றுதான் காளிச்சாமி மறுபடியும் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"பயம் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார் முன் சீட்டில் இருந்த பெனடிக்ட்.

"நெஞ்சுலீங்க. கல்லு வச்சாப்பல."

"அதைத் தொரத்தாதீங்க. இருந்துட்டுப் போகட்டும்னு பாத்துட்டே மூச்சு விடுங்க."

காளிச்சாமி அப்படியே செய்தார். கல் போகவில்லை. ஆனால் கை சாவியைத் திருப்பியது. கியரைப் போட்டார்.

"இதெல்லாம் எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிலதானுங்க."

புளியமரத்து வளைவு வந்ததும் காளிச்சாமியின் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"மூச்சு... மூச்சு..." என்றார் பெனடிக்ட்.

பஸ் மெதுவாக வளைவைத் தாண்டியது.

சோமனூரில் கூட்டம் இறங்கியதும், புதுக் கண்டக்டர் பாட்டுக் கேசட்டை நிறுத்திவிட்டு காளிச்சாமியிடம் மெல்லக் கேட்டார். "ஏனுங்கண்ணா, அவரு டாக்டருங்களா?"

"இல்ல கண்ணு. அந்த வளைவுல என் பஸ் மரத்துல மோதினப்ப, உள்ள இருந்து கால் போனது அவருக்குத்தான்."

காளிச்சாமி சீட்டுக்கடியில் இருந்த ஊன்றுகோல்களை எடுத்து பெனடிக்டிடம் நீட்டினார். "உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"நானும் அன்னைக்கப்புறம் இன்னைக்குத்தானுங்க பஸ் ஏறறேன். வளைவுல மூச்சு மூச்சுன்னு சொன்னது உங்களுக்கில்லீங்க, எனக்கு."