நாளைக்குத் திருவிருந்து

கொலோஷ்வார் நகரத்து மாணவர்கள் கிராமத் தேவாலயத்தில் முதியவர்களுக்குக் கைப்பேசி வகுப்பு நடத்தினார்கள்.

"முகம் பார்த்துப் பேசறது எப்படிம்மா? சீக்கிரம் சொல்லு, நாளைக்குத் திருவிருந்து," என்று பரபரத்தாள் பிரோஷ்கா. சண்டை போட்டவரோடு சமாதானமாகாமல், திருவிருந்து ஆராதனையில் தரும் அப்பத்தைத் தொட அந்த ஊரில் யாரும் துணிய மாட்டார்கள்.

"ஜெர்மனியில இருக்கிற மகன்கூடப் பேசவாம்மா?" என்றாள் மாணவி எனிக்கோ.

"அதைவிடத் தூரம். பேசி ஒரு மாசமாச்சு."

எனிக்கோ காட்டிய பொத்தானை பிரோஷ்கா அழுத்தினாள்.

எதிரே, ஆண்கள் பெஞ்சில் ஒரு கைப்பேசி அலறியது. அவள் கணவர் ஆரோன் பதறி அதைத் தடவினார்.

"பச்சையை அழுத்துய்யா!" என்று பெஞ்சே கத்தியது.

பிரோஷ்காவின் திரையில் அவர் முகம் தெரிந்தது. "எங்கம்மா சூப்பைவிட நீ வைக்கிற சூப்புதான் ருசி," என்று முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் பிரோஷ்கா. "சிக்னல் சரியில்ல."