பல்லி சொன்னதும் சொல்லாததும்

கடைச் சுவரில் தொங்கிய சிவப்பு எலக்ட்ரிக் கிதாருக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. சிவப்பின் பளபளப்பில் மயங்காத ஆளே கிடையாது. ஆனால் கையில் எடுத்த வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கழுத்து அவ்வளவு தடிமன்.

"அடுத்து யாராவது என்னை எடுத்தா ஒரு குரல் கொடு அக்கா," என்று சிவப்பு கெஞ்சியது. பல்லிக்கு மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் பரணி வந்தான். அவனுடைய குட்டை விரல்கள் சிவப்பின் கழுத்தைப் பிடிக்க முடியாமல் திண்டாடின.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்," என்றார் கடைக்காரர்.

பல்லி உடனே 'இச் இச்' என்றது.

"பாருங்க, பல்லியே சொல்லிடுச்சு!"

பரணி பயபக்தியோடு விரலால் மேசையைத் தட்டிவிட்டு, சிவப்பை வாங்கிக்கொண்டு போனான்.

ஒரே வாரத்தில் மணிக்கட்டில் கட்டோடு வந்து, வேறு கிதார் கேட்டான். சிவப்பு பழைய ஆணிக்கே திரும்பியது.

"போதும்டா சாமி, இனி நான் வாயே திறக்க மாட்டேன்," என்று பல்லி அதன் பின்னால் பதுங்கிக்கொண்டது.

கடைக்காரர் ஒல்லிக் கழுத்துள்ள கறுப்புக் கிதாரை எடுத்துக் கொடுத்தார். பரணியின் விரல்கள் தேடாமலே தந்திகளில் போய் உட்கார்ந்தன. வலியை மறந்து வாசித்துக்கொண்டே இருந்தான். கறுப்புக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி சார் இருக்கு?"

பரணி வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

"கைக்கு நல்லாத்தான் இருக்கு," என்று கறுப்பைத் திருப்பிக் கொடுத்தான். "ஆனா பல்லி ஒண்ணும் சொல்லலையே."